கையை ஆட்டிப் பேசும் தெரு

நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுதேன்னு மொகத்தச் சுழிக்காதீங்க. தூத்துக்குடியில எங்க சிலுவையார் தெருவுக்குள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இதான் கதை, கல்யாணப் பேச்சு பேசும்போதும் ஆட்டுவோம், சாவு விழுந்த துட்டி வீட்டுல உக்காந்திருக்கும்போதும் ஆட்டுவோம், பூசையில முட்டி போட்டிருக்கும்போதும் ஒரு கை தன்னால ஆடிக்கிட்டே இருக்கும், பங்குச்சாமியே அதப் பாவக் கணக்குல சேக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு. வெளியூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்த ஒரு கூட்டம், இந்தத் தெருவுக்கே நரம்பு வியாதி போலன்னு சொல்லிட்டு, குடுத்த காப்பியக் குடிக்காம எந்திச்சிப் போயிட்டு. போனாப் போவுது. நீங்க முழுசாக் கேட்டுட்டுப் பொறவு போங்க.

எல்லாம் இஞ்ஞாசி அண்ணனால வந்தது. அண்ணனுக்குக் கப்பலுக்கு முட்டையும் காய்கறியும் சப்ளை பண்ணுத கம்பெனியில வேலை. கப்பல் வந்து நின்னா ஏணி ஏறி உள்ள போவாரு, போகும்போது கையில ஒரு வாட்ச் இருக்கும், இறங்கும்போது வேற ஒண்ணு இருக்கும். ஜப்பான் வாட்ச்னா அவருக்கு உசுரு. அதுலயும் பேட்டரி போட்டது ஆகாது, சாவி குடுக்குறதும் ஆகாது, ஆட்டோமேட்டிக்தான் வேணும், கையில கட்டிக்கிட்டு நடந்தா அந்த அசைவுலயே உள்ள ஒரு அரைவட்டத் தகடு சுத்தி, தன்னத்தானே முறுக்கிக்கிட்டு ஓடுமே, அது. கழட்டி வச்சா ரெண்டு நாளைக்குள்ள நின்னுரும். நின்னத ரொம்ப நாளு அப்படியே போட்டுட்டா உள்ள எண்ணெய் காஞ்சி இறுகி, பொறவு எம்புட்டு ஆட்டினாலும் எந்திரிக்காதுன்னு சொல்லுவாரு, அதச் சொல்லும்போதே அண்ணன் மொகம் வாடிப் போயிரும். அதனால வலது கையில ஒண்ணு, இடது கையில ரெண்டு, தூங்கும்போது கணுக்கால்ல ஒண்ணுன்னு முறை போட்டுக் கட்டுவாரு, பெட்டியில இருக்குத நாப்பதுக்கும் முறை வரணும்லா. அவரு பொண்டாட்டி செலின் ஏசுவா, "ரெண்டு கையிலயும் மணி பாக்குத மனுசனுக்கு வீட்டுக்கு வாற நேரம் மட்டும் தெரியல." நாங்க சிரிப்போம். அப்பல்லாம் எங்களுக்குச் சிரிக்க நேரம் இருந்தது.

ஒரு மழைக்காலத்துல அண்ணனுக்குச் சிக்குன்குனியா வந்து, கை காலு மூட்டெல்லாம் பூட்டிக்கிட்டு, ஒரு டம்ளரக்கூடத் தூக்க முடியாமப் படுத்துட்டாரு. பெட்டிக்குள்ள வாட்ச் ஒவ்வொண்ணா நின்னுது. தெருவுல ஆளும் ஒவ்வொண்ணா நின்னுது. மொதல்ல நின்னது இட்லிக்கடை ராஜகனி, விடியக்காலம் தட்டுல மாவு ஊத்திக்கிட்டு இருந்தவ, கரண்டி சரிஞ்சபடி, மாவு பாதி விழுந்தபடி, "ரெண்டு இட்லிக்கு எம்புட்டு சாம்பார்டா கேப்ப"ன்னு யாரையோ ஏசிக்கிட்டிருந்த வாயி ஏசினபடியே நின்னுட்டா. அடுத்தாப்புல சைக்கிள்ல வந்த வலைக்கார பர்னாந்து நின்னாரு, காலு மிதியில இருக்க, சைக்கிளு சாயவும் இல்ல நகரவும் இல்ல. தொட்டுப் பாத்தோம், உடம்பு சூடா இருந்தது, கண்ணு ஈரமா இருந்தது, ஆனா மூச்சு உள்ளயும் போகல வெளியயும் வரல. பயந்தோம், பயப்படாம என்ன. அதுக்காகக் கொழாயில தண்ணி வரும்போது வீட்டுக்குள்ள இருக்க முடியுமா, நின்ன ஆளுகளச் சுத்திப் போயித் தண்ணி பிடிச்சோம், ராஜகனி மேல ஈ மொய்க்காம ஒரு கொசுவலையப் போட்டோம், பர்னாந்துக்கு மழை படாம ஒரு குடைய விரிச்சிக் கட்டினோம், பெரியாஸ்பத்திரி டாக்டர் வந்து பாத்துட்டு உப்பக் குறைக்கச் சொல்லிட்டுப் போனாரு.

கண்டுபிடிச்சது செலின்தான். பெட்டியத் தொடைக்கும்போது ஆத்திரத்துல ஒரு வாட்ச்ச எடுத்து, "சவத்த, உன்னையும் நான்தான் பாக்கணுமா"ன்னு ஒரு உலுக்கு உலுக்கினா. தெருவுல கொசுவலைக்குள்ள இருந்து ராஜகனி, "உங்கப்பன் வீட்டு சாம்பாரா"ன்னு முடிச்சி வச்சா, மாவு தட்டுல விழுந்தது. செலின் அடுத்தத உலுக்கினா, பர்னாந்து குடையோட சைக்கிள ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டப் பொறவு, எல்லாரையும் மாதா சொரூபம் இருக்குத கெபியச் சுத்தி நடக்க விட்டோம். அண்ணன் ஒரு நாற்காலியில உக்காந்து ஒவ்வொரு வாட்ச்சா எடுத்து, பக்கத்துல இருக்குத திருகப் பிடிச்சி இழுத்து முள்ள நிறுத்துவாரு, நடக்குற கூட்டத்துல யாராவது ஒரு ஆளு நின்னுரும், "இது கொத்தனாரு சவேரியாருது", "இது சுடலைமுத்துது"ன்னு வாட்ச் முதுகுல பேரு எழுதி ஒட்டுவோம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வாட்ச் இல்ல, அதுகளுக்கு ஏது நேரம். அவங்கவங்க வாட்ச்ச அவங்கவங்க வாங்கிக் கட்டிக்கிட்டா சோலி முடிஞ்சிதுன்னு நெனச்சோம். ராஜகனிதான் மொதல்ல ஓடிப்போயித் தன்னோடத வாங்கிக் கட்டினா, பூட்டுன உடனே நின்னா. கழட்டினோம், ஓடினா. அப்பத்தான் தெரிஞ்சது, தன் வாட்ச் தன் கையில ஓடாது, இன்னொருத்தர் கையிலதான் ஓடும்.

அன்னைக்கித் தெருவுல நடந்த கூத்தச் சொல்லி மாளாது. யாருத யாரு கட்டுறது. ராஜகனியும் அவ நாத்தனா தெரசம்மாவும் ஒரு பொதுச் செவத்துச் சண்டையில பேச்சு விட்டு எவ்வளவோ காலம் ஆச்சு, ஆனா வேற ஆளெல்லாம் மாட்டேன்னுட்டு, கடைசியில தெரசம்மா கையிலதான் ராஜகனி போயிச் சேந்தா, அன்னையில இருந்து ராஜகனி அவளுக்கு மட்டும் இட்லி துட்டு வாங்காம அனுப்புதா, கூடவே கெட்டிச் சட்னி. சோம்பேறிப் பய கையில யாரும் குடுக்கல. எப்பவும் கை ஓடிக்கிட்டிருக்குத ஆளுக்குத்தான் கிராக்கி, பரோட்டா மாஸ்டர் சுடலைமுத்து முழங்கை வரைக்கும் வாட்ச்சாக் கட்டினான், என்னோடதும் அவன்கிட்டதான், அவன் பரோட்டா வீசும்போது நான் இங்க கொஞ்சம் வேகமாத் தைப்பேன். எனக்குக் கை மெஷின், வலது கையால சக்கரத்தச் சுத்திக்கிட்டே இருக்கணும், அதனால எனக்கும் நாலு பேரக் குடுத்தாங்க. மொத நாளு ராத்திரி அந்த நாலு பேரும் என் கனவுல வந்து வந்து எட்டிப் பாத்தாங்க. ஊருக்குப் போனவங்க போன் போட்டா எப்படி இருக்கேன்னு கேக்கமாட்டோம், கைய ஆட்டுதியான்னுதான் கேப்போம். சம்பந்தம் பேச வந்தா நகைக்கு முந்தி, பொண்ணோட வாட்ச் யாரு கையில இருக்குன்னுதான் பேச்சு.

இஞ்ஞாசி அண்ணன் வாட்ச்ச செலின் கட்டினா, அதுல யாரும் தகராறு பண்ணல. செலினுக்குத்தான் வாட்ச் இல்ல. பெட்டி காலியாகுத வரைக்கும் கெபியச் சுத்திச் சுத்தி வந்தா, எதுலயும் அவ நிக்கல. "நான் ஒருத்தி தப்பிச்சேன்"னு சிரிச்சா. அண்ணன் சிரிக்கல. அவரு மொகம் சுண்டிப் போச்சு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

செலினோட அப்பா கப்பல்ல செராங்கா, கப்பலாளுகளுக்கு மேஸ்திரியா இருந்தவரு. யோகோஹாமாவுல இருந்து கொண்டு வந்த ஒரு சின்ன வாட்ச்ச, வெள்ளை டயலு, கல்யாணத்தன்னைக்கி மாப்பிள்ளை கையில அவரே கட்டிவிட்டாரு. அண்ணன் கிட்ட வந்த மொத ஜப்பான் வாட்ச் அதான், அதுல பிடிச்ச பைத்தியம்தான் நாப்பது வரைக்கும் வளந்தது. அத அவரு காய்ச்சலுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு நிலக்கரிக் கப்பல்ல, பெனிக்னோன்னு ஒரு பிலிப்பைன்ஸ் சமையக்காரன் கிட்டக் குடுத்துட்டு, பதிலுக்கு நீல டயலு ஒண்ணு வாங்கிட்டாரு. வாட்ச் சேக்குதவங்களுக்குள்ள இது சகஜம், ஒண்ணக் குடுத்து ஒண்ண ஏத்திக்கிடுதது, அதுக்கு மேல நெனக்க மாட்டாங்க. செலின் எங்கயோ கடல்ல ஒரு சமையக்காரன் கையில ஓடிக்கிட்டிருந்தா.

இத அண்ணன் சுடலைமுத்து கிட்டச் சொல்ல, அவன் என்கிட்டச் சொல்ல, நான் யாருகிட்டயும் சொல்லாதன்னு ராஜகனி கிட்டச் சொல்ல, சாயங்காலத்துக்குள்ள செலினத் தவிர தெருவுக்கே தெரிஞ்சி போச்சு. ஒருத்தரும் அவகிட்ட வாயத் திறக்கல. அவ குடத்தத் தூக்கிக்கிட்டுப் போனா நாங்க எல்லாரும் ஜன்னல் வழியாப் பாப்போம், கொஞ்சம் நின்னு சேலையச் சொருகினாக்கூட நாங்க வாசலுக்கு ஓடி வந்துருவோம். அண்ணன் அந்தச் சமையக்காரனுக்குத் தினம் போன் போட்டு, வாட்ச்ச மட்டும் கழட்டிராதேன்னு கெஞ்சினாரு. அவன் நல்ல மனுசன், என்ன ஏதுன்னு கேக்காம, தினம் காலையில மாவு ஒட்டின மணிக்கட்டப் போட்டோ பிடிச்சி அனுப்புவான். அண்ணன் அதப் பாத்துட்டுத்தான் பல்லு தேய்ப்பாரு. திருப்பிக் குடுன்னு கேட்டாரு, இந்தப் பக்கம் வரும்போது தாறேன்னான், கப்பல் இந்தப் பக்கம் வரவே இல்ல.

மாதா கோயில் கொடியேத்தத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு காலையில போட்டோ வரல. நம்பரும் போகல. மறுநாளும் வரல. அண்ணன் வேலைக்குப் போகாம செலின் பின்னாலயே அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்தாரு. "என்னங்க, வாலு முளைச்ச மாதிரி பின்னாலயே வாறீங்க"ன்னு அவ கேட்டா. அதுக்கும் மறுநாளு காலையில தலை சீவிக்கிட்டே முன்னறைக்கு வந்தா, என்னமோ கேக்கணும்னு அண்ணனப் பாத்து வாயத் திறந்தா, அப்படியே நின்னா. சீப்பு பாதி முடியில நின்னுது.

அண்ணன் போட்ட சத்தத்துல தெரு பூரா கூடிட்டு. நான் போகும்போது அவ கால்ல விழுந்து கெடந்தாரு. ஆனா பாருங்க, அழக்கூட அவருக்கு நேரம் இல்ல, ஏன்னா அவரு வாட்ச் இருக்குதது செலின் கையில, செலின் நின்னா கை நிக்கும், கை நின்னா ரெண்டு நாளையில அவரும் நின்னுருவாரு. "அதக் கழட்டிக் குடும்வே, நான் கட்டிக்கிடுதேன்"னு சுடலைமுத்து கைய நீட்டினான். அண்ணன் மாட்டேன்னுட்டாரு. "அவ கட்டினது, அவ கையிலயே இருக்கட்டும்." நாங்க எல்லாரும் மாறி மாறி ஏசிப் பாத்தோம். அவரு கேக்கல. செலின் கையப் பிடிச்சி, பள்ளிக்கூடம் போற பிள்ளைக கைகோத்து ஆட்டுமே, அப்படிப் பைய ஆட்டினாரு. காலையில கொஞ்ச நேரம், மத்தியானம் கொஞ்ச நேரம், படுக்கப் போகும்போது கொஞ்ச நேரம். தன் வாட்ச்சத் தான் கட்டினாத்தான் நிக்கும், பொண்டாட்டி கையில வச்சி ஆட்டினா ஓடிச்சி.

கம்பெனியில கேட்டு, கப்பல் ஏஜென்டப் பிடிச்சி, அவங்க வேற யாரையோ பிடிச்சி, பெனிக்னோ கணக்கு முடிச்சிச் சொந்தத் தீவுக்குப் போயிட்டான்னு தெரிஞ்சது. மழைக்கு முந்தி ஆள் கிடைச்சிட்டான். வீட்டுக்குப் போனப் பொறவு மணி பாக்குற சோலி ஏதுன்னு, வாட்ச்சக் கழட்டி ஒரு மேசை டிராயர்ல போட்டிருந்தான். அண்ணன் போன்லயே அழுதாரு, ஆனா எடுத்துக் கட்டிக்கோன்னு மட்டும் சொல்லல, கட்டிக் கழட்டினா அவ இன்னொரு தரம் நிப்பாள்லான்னு பயம். அவன் ஒரு வார்த்தை கேக்கல, தூத்துக்குடிக்கு நிலக்கரி ஏத்திக்கிட்டு வாற கப்பல்ல ஏறுத அவன் மச்சான் பெட்டியில, சட்டைக்கு நடுவுல, பஞ்சுல சுத்தி வச்சி அனுப்பினான். பிரிச்சி எடுக்காதேன்னும் சொல்லிட்டான், தொலைஞ்சி போயிரும்னு.

கப்பல் கெளம்பின நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, அந்தப் பக்கத்துக் கடல்ல புயல்னு டிவியில சொன்னான். அன்னைக்கி மத்தியானம் செலின் வாயில இருந்து, "எங்கப்பா"ன்னு ஒரு சொல்லு வந்தது. சீப்பு ஒரு விரக்கடை கீழ இறங்கிச்சி. அம்புட்டுத்தான், மறுபடி நின்னுட்டா.

தெரு பூரா ஓடி வந்தோம். பெட்டி ஆடுத ஆட்டத்துல வாட்ச் அசையுது, பஞ்சு மீறி ஒரு மூச்சு ஓடுது, அவளும் ஒரு மூச்சு ஓடுதா. அதுல இருந்து எங்க தெருவுல யாரும் சீரியல் பாக்கல, புயல் செய்திதான். கடல் அமைதியா இருக்குன்னு சொன்னா எங்களுக்கு ஆத்திரம் வரும், வீட்டு ஆம்பளைக கடல்ல கெடக்குத தெருவுல, பெரிய அலை வரணும்னு பொம்பளைங்க செபமாலை சொன்ன கொடுமை அப்பத்தான் நடந்தது, பொறவு பயந்து, கப்பல் முங்காத அளவுக்கு வந்தாப் போதும்னு சேத்துச் சொன்னோம். அடுத்த ஆட்டத்துல, "குடுத்த"ன்னா. ராஜகனி என்னப் பாத்தா, நான் அவளப் பாக்கல. அதுக்கு அடுத்து ஒரு ராத்திரி கழிஞ்சி, காலையில நாங்க போயிப் பாத்தா அண்ணன் செவத்துல சாஞ்சி உக்காந்திருந்தாரு. "சொல்லிட்டா"ன்னாரு. "வாட்ச்னு சொல்லிட்டா."

இனி மிச்சம் இருக்குத ஒரு சொல்லு என்னன்னு தெருவுல எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லு வரணும்னு அவருக்கும் ஆசை, வந்தா என்ன பதில் சொல்லன்னு அவருக்குப் பயம். அப்பவும் அவ கையப் பிடிச்சி ஆட்டுததை நிறுத்தல. எனக்கு அவரப் பாத்தா ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது, எதுக்குன்னு பிரிச்சிச் சொல்லத் தெரியல.

பொறவு அவ அசையவே இல்ல. கப்பல் நம்ம கடலுக்கு வந்து, துறைமுகத்துக்கு வெளிய இடம் கிடைக்காம நின்னுது, இங்க காத்துன்னா காத்து, ஒரு போட்டும் கடலுக்குப் போகல, எங்க வீட்டுக் கிறிஸ்மஸ் ஸ்டாரு ரெண்டு தரம் பிய்ஞ்சி பறந்தது. அந்தக் காத்துக்கு நங்கூரத்துல நிக்குத கப்பலு தொட்டிலா ஆடியிருக்கும். செலின் ஆடல. அண்ணன் கடற்கரையில போயி நின்னு அந்த விளக்கப் பாத்துக்கிட்டே, "எண்ணெய் காஞ்சிட்டு, எண்ணெய் காஞ்சிட்டு"ன்னு சொன்னாரு. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது.

கப்பல் உள்ள வந்த அன்னைக்கி மொத ஆளா ஏணி ஏறி, மொத ஆளா இறங்கினாரு. வழியிலயே பஞ்சப் பிரிச்சி ஆட்டிக்கிட்டே ஓடி வந்தாரு, வீட்டுக்குள்ள வந்தும் ஆட்டினாரு, காதுல வச்சிப் பாத்தாரு, ஆட்டினாரு. உள்ள தகடு சுத்துத சத்தம் மட்டும் கேட்டுது. முள்ளு அசையல. எங்க கைகூட நின்னுபோச்சி, யாரோ, "கைய ஆட்டுங்கட்டி, ரெண்டு சாவு வேண்டாம்"னு அதட்டின பொறவுதான் ஆட்டினோம்.

"சூடு வேணும்"னாரு அண்ணன். "இறுகின எண்ணெய் சூட்டுக்கு இளகும். நெருப்புல காட்டக்கூடாது, கைச்சூடுதான்." அவரு கை ஐசாக் கெடந்தது. சுடலைமுத்து முன்னால வந்தான். காலையில இருந்து கல்லு முன்னால நிக்குத பய, அவன் உள்ளங்கை எப்பவும் கொதிச்சிக்கிட்டு இருக்கும். ரெண்டு கையையும் மூடி வாட்ச்ச உள்ள வச்சிக்கிட்டு, கண்ண மூடி நின்னான். அவன் கட்டியிருந்த வாட்ச் எல்லாம் ஓடுத சத்தம் கேட்டுது. ரொம்ப நேரம் கழிச்சி, "அண்ணாச்சி, உள்ள என்னமோ துடிக்கி"ன்னான்.

"எங்க?"ன்னு செலின் கேட்டா.

சீப்பு கீழ வரைக்கும் இறங்கி முடிஞ்சது. அவ நெனப்புல அது அதே காலை. எங்கப்பா குடுத்த வாட்ச் எங்கன்னு சாதாரணமாத்தான் கேட்டா, கொடியேத்தத்தன்னைக்கி அவரு அத அவர் மாமனாரு நெனப்புல கட்டுவாருன்னு. அப்பத்தான் வீடு நெறய ஆளு நிக்குததப் பாத்தா, வாசல்ல ஸ்டாரு தொங்குததப் பாத்தா. தோளப் பிடிச்சிக்கிட்டு, "என் கை ஏன் இப்படி வலிக்கி?"ன்னா. ராஜகனி எல்லாத்தையும் சொன்னா, விடாம, கூட்டாம, குறைக்காம.

செலின் கேட்டுட்டு அண்ணன் பக்கம் திரும்பினா. "எதுக்குக் குடுத்தீங்க?"

"நீல டயலு ஒண்ணு," அண்ணன் தலையத் தூக்கல. "பாக்க நல்லாருந்திச்சி."

அவ அழல. அண்ணன் ரெண்டு கையிலயும் கட்டியிருந்த தெருக்காரங்க வாட்ச் எல்லாத்தையும் கழட்டி மேசையில வச்சிட்டு, கட்டிவிடுன்னு கேக்குத மாதிரி வெறுங்கைய அவ முன்னால நீட்டினாரு. சுடலைமுத்து கையில இருந்து வாட்ச்ச வாங்கினவ, நீட்டின அந்தக் கையத் தாண்டி, கூட்டத்துல நின்ன எங்கிட்ட வந்தா. "டெய்லரக்கா, கையக் குடுங்க."

"ஏட்டி, எனக்கு வேண்டாம், என் நெஞ்சு தாங்காது"ன்னேன்.

"நீங்க மாத்திக் குடுக்க மாட்டீங்கள்லா"ன்னு சொல்லிக்கிட்டே கட்டிட்டா.

"அப்ப அண்ணாச்சியோடத நான் கழட்டிக்கிடட்டா?"ன்னு சுடலைமுத்து கேட்டான். அவ கையச் சட்டுன்னு நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்கிட்டா. "அத யாரும் தொடக்கூடாது." அண்ணன் அங்கயே உக்காந்து மொகத்தப் பொத்திக்கிட்டாரு. அவரு மேசையில வச்சத நாங்க பங்கு போட்டுக் கட்டிக்கிட்டோம், இன்னைக்கி வரைக்கும் அவரு வெறுங்கையாத்தான் திரியுதாரு, மணி வேணும்னா அவகிட்டக் கேப்பாரு, அவ தன் மணிக்கட்டப் பாத்துச் சொல்லுவா.

எனக்குத்தான் அன்னையில இருந்து தூக்கம் இல்ல. கரண்டு போனாலும் இருட்டுல மெஷின் சக்கரத்தச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன், தச்சி முடிச்ச துணியப் பிரிச்சி மறுபடி தைப்பேன். இந்தா, கொழாயடியில இருந்து இடுப்புல குடத்தோட ஒருத்தி வாறா பாருங்க, வலி இன்னும் முழுசா விடல, ஆனா நடக்குறதுக்குத் தேவையில்லாத அளவுக்கு அந்தக் கைய வீசி வீசி வாறா பாருங்க, அதான் செலின். நீங்க காப்பி ஆறிப்போகுமுன்ன குடிங்க. நான் இப்படியே ஆட்டிக்கிட்டு இருக்கேன், அவ வீட்டுக்குப் போயிச் சேரட்டும்.